பெயர் சூட்டிய நெடுஞ்சாலைகளின் பலகைகள்: சேகரிப்பதும் வரைவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எண்ணோடு தனிப் பெயரும் பெற்ற நெடுஞ்சாலைகள் ஏராளம். அவற்றின் பலகைகளைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து, கணினியில் அளவு மாறாமல் வரைந்து வருகிறேன். இருப்பது இல்லினாய் மாநிலத்தில். வீட்டுச் சுவரைப் பார்த்தவர்கள், தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர், புதிதாக வரையத் தொடங்கிய இளைஞர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

ரோட்டுக்குத்தான் நம்பர் இருக்கே, அப்புறம் எதுக்குப் பெயர்?

பெயர்தான் முதலில் வந்தது, எண் பிறகுதான் வந்தது. 1910களில் கார் வாங்கியவருக்கு ஊர் விட்டு ஊர் போக வழிகாட்டும் அரசுப் பலகை கிடையாது. வியாபாரிகளும் கார் வைத்திருந்தவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்குவார்கள். ஏற்கெனவே இருந்த மண் ரோடுகளைக் கோத்து ஒரு வழி அமைப்பார்கள். அதற்கு ஒரு பெயர் சூட்டி, வழிநெடுகத் தந்திக் கம்பங்களில் தங்கள் நிறப் பட்டையைப் பூசிவிடுவார்கள். 1913 அக்டோபர் 31 அன்று தொடங்கிவைக்கப்பட்ட லிங்கன் நெடுஞ்சாலை அப்படிப் பிறந்ததுதான். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்கா வரை 3,389 மைல்.

1920களின் நடுவில் இப்படி 250க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. ஒரே கம்பத்தில் நாலைந்து சங்கங்களின் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால், வழி தெரியாதவர் எதைப் பின்தொடர்வார்? அந்தக் குழப்பத்துக்கு முடிவாகத்தான் 1926 நவம்பர் 11 அன்று எண் முறை ஏற்கப்பட்டது. சங்கங்கள் கலைந்தன. ஆனால் ரோட்டுக்குப் பெயர் வைக்கும் ஆசை மட்டும் போகவில்லை. போர்வீரர் நினைவாக, நதியின் பெயரால், சுற்றுலாவுக்காக என்று இன்றுவரை தொடர்கிறது.

எந்தெந்த ரோட்டையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்ப்பீங்க?

என் அலமாரியில் நாலு பிரிவுகள் வைத்திருக்கிறேன். முதலாவது, மேலே சொன்ன பழைய சங்க வழிகள்: லிங்கன், டிக்ஸி, ஜெஃபர்சன், யெல்லோஸ்டோன் டிரெய்ல் போன்றவை. இரண்டாவது, பெயரே அடையாளமாக ஓடும் சாலைகள். நியூஜெர்சியின் கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் போகிறவர்களுக்கு அந்தப் பச்சை மஞ்சள் வட்டமும் அதற்குள் இருக்கும் மாநில வரைபடமும்தான் அடையாளம். 1940இல் திறந்த பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலைக்கு, அந்த மாநிலத்தின் சின்னமான, வளைவின் உச்சியில் வைக்கும் கல்லின் வடிவம்.

மூன்றாவது, சுற்றுலா வழிகள். மிசிசிப்பி நதியோரமாகப் பத்து மாநிலங்களில் ஓடும் கிரேட் ரிவர் ரோட்டின் பலகையில் பச்சை நிறத்தில் ஒரு கப்பல் சுக்கான் சக்கரம், அதற்குள் ஒரு நீராவிப் படகு. நாட்செஸ் டிரேஸ் பார்க்வேயில் குதிரைமேல் போகும் தபால்காரர். நான்காவது, நினைவுப் பெயர்கள். மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலை அமைப்பு முழுவதற்கும் 1990இல் முன்னாள் அதிபர் ஐசன்ஹோவர் பெயர் சூட்டப்பட்டது. அதன் நீலப் பலகையில் வட்டமாக ஐந்து நட்சத்திரங்கள் இருக்கும். அவர் வகித்த ஐந்து நட்சத்திர ராணுவத் தளபதி பதவியைக் குறிப்பவை அவை.

இதெல்லாம் ராத்திரியில போய்க் கழற்றிட்டு வர்றதுதானே?

இல்லை. ஒருபோதும் இல்லை. சாலைப் பலகையைக் கழற்றுவது எல்லா மாநிலங்களிலும் குற்றம். 1996இல் ஃபுளோரிடாவில் ஒரு சந்திப்பில் நிறுத்தப் பலகை விழுந்து கிடந்ததால், நிற்காமல் போன காரில் இருந்த மூன்று இளைஞர்கள் லாரி மோதி இறந்தார்கள். பலகைகளைத் திருடியதாக வேறு மூவர்மீது வழக்கு நடந்து, முதலில் சிறைத்தண்டனை கிடைத்து, மேல்முறையீட்டில் அது ரத்தானது. வழக்கு எப்படி முடிந்திருந்தாலும் இறந்த மூன்று பிள்ளைகள் திரும்பி வரவில்லை. பலகை சேகரிக்கிறேன் என்று யார் சொன்னாலும் இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் சொல்வேன்.

பெயர்ப் பலகையால் விபத்து நடக்காது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அது திருட்டுப் போனால் அந்த ரோடு தன் பெயரை இழக்கிறது. 66ஆம் எண் நெடுஞ்சாலையின் பலகைகள் அடிக்கடி களவுபோனதால், பல இடங்களில் சின்னத்தைத் தார் ரோட்டின்மேலேயே பெயிண்டால் வரைந்துவிட்டார்கள். நெவாடாவில் 375ஆம் எண் மாநிலச் சாலைக்கு 1996இல் ‘எக்ஸ்ட்ரா டெரஸ்ட்ரியல் ஹைவே’, அதாவது வேற்றுக்கிரகவாசிகளின் நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தார்கள். அங்கே வருகிறவர்கள் ஒட்டிய ஸ்டிக்கர்களால் பலகையின் எழுத்தே மறைந்துபோனது. தயவுசெய்து ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள்.

அப்படின்னா நிஜப் பலகை எங்கேதான் கிடைக்கும்?

ஆயுள் முடிந்த பலகைகளைப் பெரும்பாலும் உருக்கவோ மறுபடி பயன்படுத்தவோ அனுப்புகிறார்கள். சில மாநிலத் துறைகளும் மாவட்ட அலுவலகங்களும் மட்டும் ஏலத்தில் விடுகின்றன. உபரிப் பொருள் விற்பனைப் பக்கத்தை மாதம் ஒருமுறை பார்த்துவந்தால் போதும். பழைய பெட்ரோல் நிலையப் பொருட்கள் விற்கும் சந்தைகளிலும் வரும். சேகரிப்பாளர் ஒருவர் இறந்தபின் வீட்டுச் சாமான்களை விற்கும்போது அரிதானவை வெளிவரும்.

எங்கே வாங்கினாலும் ரசீது கேளுங்கள். யாரிடமிருந்து, எந்த ஆண்டு கழித்தது என்று அதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பழசா, பழசு மாதிரி செஞ்சதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் காந்தத்தை வையுங்கள். அந்தக் காலத்துப் பலகைகள் இரும்புத் தகடு. பின்னால் வந்தவை பெரும்பாலும் அலுமினியம். எனாமல் பூச்சுப் பலகை என்றால் ஆணித் துளையின் ஓரத்தைப் பாருங்கள். நிஜமான எனாமல் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாக உதிர்ந்திருக்கும், அதற்கடியில் துரு வட்டமாகப் பரவியிருக்கும். போலியில் துரு பெயிண்டின்மேல் தெளித்த மாதிரி இருக்கும். அப்புறம், கைபேசி விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பலகைமேல் அடியுங்கள். தேன்கூடு போலவோ வைரக் கட்டங்கள் போலவோ பளிச்சென்று தெரிந்தால் அது பிற்காலத்து ஒளிதிருப்பும் தாள். அது ‘1920களின்’ பலகையில் இருக்க வழியில்லை.

எழுத்தின் வடிவம்தான் கடைசிச் சாட்சி. சாலைப் பலகைகளுக்கான அரசுக் கையேட்டில் வட்டமான எழுத்துகள் 1948 பதிப்பில்தான் வந்தன. அதற்கு முன்னால் மூலைகள் வெட்டிய கட்டை எழுத்துகள். ஒருமுறை சந்தையில் ஒரு லிங்கன் நெடுஞ்சாலைப் பலகையை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் வைத்து வரையத் தொடங்கியதும் ஒவ்வொரு ‘என்’ எழுத்தும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றுபோல இருந்தது. கையால் வெட்டிய அச்சில் அப்படி வராது. கணினி எழுத்துரு அது. வரைந்து பார்த்ததால்தான் தெரிந்தது.

போட்டோ எடுத்தாலே போதுமே, எதுக்கு மெனக்கெட்டு வரையணும்?

போட்டோவில் அன்றைய வெயிலும், தூசியும், துப்பாக்கிக் குண்டுத் துளையும் இருக்கும். அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பலகையை வடிவமைத்தவர் என்ன நினைத்தார் என்பது வரையும்போதுதான் புரிகிறது. யெல்லோஸ்டோன் டிரெய்லின் சின்னம் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பு அம்பு. நாலைந்து படங்களை வைத்து வரைந்தபோது, அம்பு சிலவற்றில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் போனது. யாரோ தவறாக மாட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எங்கே நட்டாலும் அந்த அம்பு யெல்லோஸ்டோன் பூங்கா இருக்கும் திசையைத்தான் காட்டும். ஆகவே அந்தச் சின்னத்தை வரைகிறவர் இரண்டு படங்கள் வரைய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நிஜப் பலகை ஒன்றுதான் இருக்கும், ஒருவர் வீட்டில்தான் இருக்கும். சரியாக வரைந்த படம் எல்லோரிடமும் இருக்கலாம், ரோட்டில் நிற்கும் பலகையும் நின்ற இடத்திலேயே நிற்கலாம். எனக்கு இதுதான் சேகரிப்பு.

எந்த சாஃப்ட்வேர்? காசு கட்டணுமா?

வேண்டாம். இங்க்ஸ்கேப் இலவசம், அது போதும். எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். அஞ்சல் தலை அளவுக்குச் சுருக்கினாலும் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடு சிதறாது. மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் ‘ஸ்டாண்டர்டு ஹைவே சைன்ஸ்’ என்ற தொகுப்பில் அளவுப் படங்களைப் பிடிஎஃப் ஆக வைத்திருக்கிறது. அதை நேரே இங்க்ஸ்கேப்பில் திறந்தால் பல பக்கங்களில் கோடுகளையே எடுத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலை எண் எழுதிய கேடய வடிவத்தைக் கண்ணால் பார்த்து வரைந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதல் படத்துக்கு லிங்கன் நெடுஞ்சாலையைச் சொல்வேன். மேலே சிவப்பு, நடுவே வெள்ளை, கீழே நீலம், வெள்ளையில் நீல ‘எல்’. செவ்வகங்களும் ஓர் எழுத்தும்தான். இரண்டாவதாக கிரேட் ரிவர் ரோட்டின் சக்கரம். ஒரே ஓர் ஆரத்தை ஒழுங்காக வரைந்து, மையத்தைச் சுற்றிச் சுழற்றி நகலெடுக்கப் பழகிக்கொள்ளலாம். நாட்செஸ் டிரேஸின் குதிரைத் தபால்காரரை ஆறு மாதம் கழித்துத் தொடுங்கள்.

எழுத்துரு எது? ஏரியல் போட்டா யாருக்குத் தெரியப் போகுது?

பார்த்தவுடன் தெரியும். சாலைப் பலகை எழுத்துகள் ‘ஹைவே கோதிக்’ என்று அழைக்கப்படும் குடும்பம். மிக ஒடுங்கிய பி தொடங்கி அகலமான எஃப் வரை வரிசைகள் உண்டு. பெரிய பச்சைப் பலகைகளில் வருவது கனமாக்கப்பட்ட ஈ வரிசை. ரோட்கீக் என்ற பெயரில் ஆர்வலர்கள் செய்த எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓவர்பாஸ் என்ற திறந்த எழுத்துரு இதே மரபில் வந்தாலும் வடிவங்கள் சற்று மாறியவை, அச்சு அசலாக வரைய உதவாது.

கிளியர்வியூ என்று இன்னொன்று உண்டு. 2004இல் இடைக்கால அனுமதி பெற்று, 2016இல் அதை இழந்து, 2018இல் மீண்டும் பெற்றது. இந்த வரலாறு பலகையின் வயதை ஊகிக்க உதவும். ஆனால் அந்த அனுமதி பச்சை வழிகாட்டிப் பலகைகள் போன்றவற்றுக்கு. கேடயத்துக்குள் இருக்கும் எண்ணுக்கு அதைப் போடாதீர்கள். இன்னொன்று: பழைய சங்கச் சின்னங்களுக்கு எழுத்துருவே கிடையாது. அவை பெயிண்டர் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் கோடாக வரையத்தான் வேண்டும்.

நிறத்தை போட்டோவில இருந்தே எடுத்துக்கலாமா?

கூடாது. காலையில் எடுத்த படத்தில் ஒரு பழுப்பு, மாலையில் வேறொரு பழுப்பு. பத்து வருடம் வெயிலில் நின்ற சிவப்பு இளஞ்சிவப்பாகிவிடும். அரசுத் தரத்தில் வந்த பலகைகளுக்கு நிறங்கள் நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன. அச்சுக்கு நெருக்கமான பான்டோன் நிற அட்டவணை எண்கள் இவை: பச்சை 342, நீலம் 294, பழுப்பு 469, சிவப்பு 187, மஞ்சள் 116, ஊதா 259. என் கோப்புகளில் இந்த ஆறையும் ஒரு தட்டாகச் செய்து வைத்திருக்கிறேன்.

அரசுத் தரத்துக்கு வெளியே உள்ளவைதான் சிரமம். 1944இல் நியூஜெர்சியில் தோட்டக் கழகப் பெண்கள் போர்வீரர்களுக்காக ஒரு சாலையோரம் டாக்வுட் மரங்கள் நட்டதில் தொடங்கியது ‘புளூ ஸ்டார்’ நினைவு நெடுஞ்சாலை. பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. அதன் சின்னம் வார்ப்பு உலோகத்தில் செய்த பலகை. கழகங்கள் அவ்வப்போது மறுபடி வண்ணம் பூசுவதால் ஒவ்வொன்றும் ஒரு நீலம். அங்கே நான் நிழலில் எடுத்த படத்தைக் கொண்டு ஒரு நிறத்தை முடிவு செய்து, ‘ஊகம்’ என்று கோப்பிலேயே எழுதிவிடுவேன்.

டேப் வெச்சு அளக்க முடியாத உயரத்தில இருந்தா?

கம்பத்தைப் பாருங்கள். துளையிட்ட சதுரக் குழாய்க் கம்பமாக இருந்தால், துளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழக்கமாக ஓர் அங்குலம். பலகையின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை பின்பக்கம் எத்தனை துளைகள் என்று எண்ணினால் உயரம் கிடைத்துவிடும். பக்கத்தில் எண் கேடயம் இருந்தால் அதையும் அளவுகோலாக வைக்கலாம். சாதாரணச் சாலையில் ஒன்று அல்லது இரண்டு இலக்கக் கேடயம் 24க்கு 24 அங்குலம், மூன்று இலக்கம் 30க்கு 24.

படத்தை அருகே நின்று அண்ணாந்து எடுக்காதீர்கள். தூரப் போய், லென்ஸை நீட்டி, நேர் எதிரே நின்று எடுங்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அப்போதுதான் இணையாக வரும். அதிவேக நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தாதீர்கள். சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. நினைவுப் பலகைகள் பல ஓய்விடங்களிலும் காட்சிமுனைகளிலும் இருக்கின்றன. அங்கே நின்று நிதானமாக எடுக்கலாம்.

அந்தப் பெயரை ஏன் பெரிய பச்சைப் பலகையில போட மாட்டேங்கறாங்க?

விதி அப்படி. எம்யுடிசிடி என்று சுருக்கமாகச் சொல்லும், சாலைப் பலகைகளுக்கான மத்திய அரசுக் கையேடு 1935இலிருந்து வருகிறது. அதன்படி நினைவுப் பெயர்கள் வழிகாட்டிப் பலகைகளில் வரக் கூடாது. தனிப் பலகையாக, பழுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, திசைக்கு ஒன்று மட்டும். அதையும் முடிந்தவரை ஓய்விடத்தில் வைக்கச் சொல்கிறது. எழுபது மைல் வேகத்தில் போகிறவர் வெளியேறும் வழியைத் தேடும்போது நீளமான பெயரைப் படிக்க வைக்கக் கூடாது என்பது காரணம். நியாயமான காரணம் என்றே நினைக்கிறேன்.

வரைகிறவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு நினைவு நெடுஞ்சாலைக்கு இரண்டே பலகைகள் இருக்கலாம், ஒவ்வொரு முனையிலும் ஒன்று. ஒன்றைத் தவறவிட்டால் அறுபது மைல் தள்ளித்தான் அடுத்தது. கிளம்புவதற்கு முன் வரைபடத்தில் முனைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ரோட்டுக்கு மூணு விதமா பலகை இருக்கே, எது சரி?

மூன்றும் சரி. ஆண்டுதான் வேறு. 66ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கேடய வடிவிலேயே வெட்டி, மேலே மாநிலத்தின் பெயரும் ‘யு எஸ்’ எழுத்துகளும் புடைத்து நிற்கும் இரும்புத் தகடு. 1961 கையேட்டுக்குப் பிறகு மாநிலப் பெயர் போய், கறுப்புச் சதுரத்தின்மேல் வெள்ளைக் கேடயம் வந்தது. கலிஃபோர்னியா மட்டும் இன்றும் கேடயமாகவே வெட்டிய தகட்டைப் பயன்படுத்துகிறது. 1985இல் அந்த எண்ணே நீக்கப்பட்ட பின் வந்தவை ‘வரலாற்றுச் சாலை’ என்று சொல்லும் பழுப்புப் பலகைகள். இல்லினாயின் ஜோலியட் நகரில் 66உம் லிங்கன் நெடுஞ்சாலையும் சந்திக்கின்றன. பலகை வேட்டைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

லிங்கன் நெடுஞ்சாலையும் அப்படித்தான். முதலில் கம்பத்தில் பூசிய பட்டை, அப்புறம் எனாமல் தகடு, அப்புறம் கான்கிரீட் கல். 1928 செப்டம்பர் 1 அன்று நாடெங்கும் சாரணச் சிறுவர்கள் சுமார் 3,000 கான்கிரீட் கற்களை நட்டார்கள். சின்னம், திசை அம்பு, லிங்கன் முகம் பதித்த சிறு வெண்கல வில்லை மூன்றும் அதில் உண்டு. எண் முறை வந்து இரண்டு வருடம் கழிந்து, சங்கம் மூடப்போகும் தறுவாயில் பெயரைக் கல்லில் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கற்களில் ஒன்றைத் தொட்டபோது எனக்குக் கண் கலங்கியது. கோப்பின் பெயரில் ஆண்டையும் மாநிலத்தையும் சேர்த்துவிட்டால் ‘எது சரி’ என்ற கேள்வியே எழாது.

ஒரு பலகைகூட மிஞ்சாத ரோடு, கறுப்பு வெள்ளை போட்டோதான் இருக்கு. எப்படி வரையறது?

ஐயோவா மாநிலத்துக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அங்கே 1913இல் சட்டம் போட்டு, 25 மைலுக்கு மேல் நீளமுள்ள வழிகளின் சங்கங்கள் ஐந்து டாலர் கட்டிப் பெயரையும் சின்னத்தையும் பதிவு செய்ய வைத்தார்கள். ஒருவர் நிறத்தை இன்னொருவர் எடுக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. அதனால் பல சின்னங்களின் நிறம் ஏட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்தது, ராண்ட் மெக்நாலி நிறுவனம் 1917 முதல் வெளியிட்ட கார் பயண வரைபடங்கள். ஓரத்தில் ஒவ்வொரு வழியின் சின்னமும் சிறு கட்டமாக அச்சாகியிருக்கும். பழைய வரைபடத் தொகுப்புகளில் அவற்றை உயர்ந்த தெளிவில் பார்க்கலாம்.

கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அக்காலத்துச் சில பிலிம்களில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெள்ளையாகவும் விழும். டிக்ஸி நெடுஞ்சாலையின் சிவப்புப் பட்டையில் வெள்ளை ‘டிஎச்’ என்பது எழுத்திலும் பதிவாகியிருப்பதால் பிழைத்தோம். எழுத்துச் சான்று கிடைக்காத பகுதியை நான் சாம்பல் நிறத்தில், தனி அடுக்கில் வைக்கிறேன். நாளை யாராவது சான்று கொண்டுவந்தால் அந்த அடுக்கை மட்டும் மாற்றினால் போதும்.

பலகையிலேயே தப்பு இருந்தா திருத்தி வரையலாமா?

திருத்தக் கூடாது. எழுத்து இடைவெளி கோணலாக இருந்தால் கோணலாகவே வரையுங்கள். கேடயம் குண்டாக இருந்தால் குண்டாகவே. ஒப்பந்தக்காரர் ஒருவர் அந்த ஆண்டு அந்த ஊரில் அப்படிச் செய்தார் என்பதும் ஒரு தகவல். கையேடு சொல்லும் திருத்தமான வடிவம் வேண்டுமென்றால் அதைத் தனிக் கோப்பாக வரைந்து, ‘தரப்படி’ என்று பெயரிடுங்கள். இரண்டையும் கலந்து ஒன்றாக்கினால் அந்தப் படம் எந்தப் பலகையையும் காட்டாது.

வரைஞ்சதை டி-ஷர்ட்ல போட்டு விக்கலாமா?

யாருடைய சின்னம் என்பதைப் பொறுத்தது. எம்யுடிசிடி கையேட்டில் உள்ள பலகை வடிவங்கள் பொதுச் சொத்து என்று அந்தக் கையேடே சொல்கிறது. ஆனால் மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலைக் கேடயம் விதிவிலக்கு, அது வணிகக் குறியாகப் பதிவானது. மத்திய அரசு ஊழியர் பணியில் வரைந்ததற்குக் காப்புரிமை இல்லை என்பது மாநில அரசுகளுக்கு அப்படியே பொருந்தாது.

சுங்கச் சாலை ஆணையங்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். கார்டன் ஸ்டேட் பார்க்வே சின்னத்தைப் போன்ற ஒன்றைக் கடைக்கு வைத்ததற்காக, ஃபுளோரிடாவில் இருந்த ஒரு பீட்சா கடைமீது 2014இல் நியூஜெர்சி டர்ன்பைக் ஆணையம் வழக்குப் போட்டது. படித்து ரசிக்க வரைவது வேறு, பண்டத்தின்மேல் அச்சிட்டு விற்பது வேறு. விற்கப் போகிறீர்கள் என்றால் உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சங்கம் கலைந்த 1910களின் சின்னங்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பெயர் மாத்திட்ட ரோட்டோட பழைய பலகையை வரையறது சரியா?

இதை என்னிடம் கோபமாகவும் கேட்டிருக்கிறார்கள், வருத்தமாகவும் கேட்டிருக்கிறார்கள். வர்ஜீனியாவில் 1ஆம் எண் நெடுஞ்சாலைக்கு ஜெஃபர்சன் டேவிஸ் பெயர் இருந்தது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவர் அவர். அலெக்ஸாண்டிரியா நகரம் 2019 தொடக்கத்தில் தன் பகுதியை ரிச்மண்ட் நெடுஞ்சாலை என்று மாற்றியது. மற்ற ஊர்கள் தாங்களாக மாற்றாத பகுதிகளெல்லாம் 2022 ஜனவரி 1 முதல் ‘இமான்சிபேஷன் ஹைவே’, அதாவது விடுதலை நெடுஞ்சாலை ஆயின. கலிஃபோர்னியாவின் எல் காமினோ ரியல் வழியில் 1906 முதல் நட்ட மணிகளும் அப்படியே. இடையன் கோல் போல வளைந்த 11 அடிக் கம்பத்தில் தொங்கும் வார்ப்பு மணி, பார்க்க அழகானது. ஆனால் ஸ்பானியப் பாதிரியார்கள் நடத்திய மிஷன்களில் கட்டாய உழைப்புக்கு ஆளான பூர்வகுடிகளின் வழித்தோன்றல்களுக்கு அந்த மணி வலி. அமா முட்சுன் இனக்குழுவினர் கேட்டுக்கொண்டதால் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த மணி 2019இல் அகற்றப்பட்டது.

பெயரை மாற்றியது சரி என்பது என் எண்ணம். பழைய பலகையை வரைந்து வைப்பதும் சரி என்பது என் எண்ணம். ஆனால் சுவரில் மாட்ட மாட்டேன், பிள்ளைகளுக்கு ஸ்டிக்கராகக் கொடுக்க மாட்டேன். கோப்பில் நட்ட ஆண்டு, நட்டவர் யார், எடுத்த ஆண்டு, எடுக்கச் சொன்னவர் யார் என்ற நான்கு வரிகளையும் எழுதாமல் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. விடுதலை நெடுஞ்சாலையின் பலகையையும் அதே அடைவில், அதற்கு அடுத்த எண்ணில் வைத்திருக்கிறேன். ஒன்றைத் திறப்பவர் மற்றதையும் பார்த்தாக வேண்டும்.

நானே அச்சடிச்சு எங்க ஊர் ரோட்டோரமா நட்டுடலாமா?

சாலை எல்லைக்குள் கூடாது. அனுமதியில்லாத பலகை என்று எடுத்துவிடுவார்கள், எடுக்கவும் வேண்டும். உங்கள் ஊர் வழியாகப் பழைய பெயருள்ள வழி ஒன்று போனதற்குச் சான்று இருந்தால், மேலே சொன்ன முறையில் படம் வரைந்து, சான்றையும் சேர்த்து ஊர் நிர்வாகத்திடமோ மாநிலத் துறையிடமோ கொடுங்கள். அளவு, நிறம், எழுத்து எல்லாம் தரத்துக்குப் பொருந்தினால் அவர்களுக்கும் வேலை எளிது. சாலையோரம் சொந்த நிலம் உள்ள ஒருவர் சம்மதித்து, உள்ளூர் விதியும் இடம் கொடுத்தால், அவர் கொட்டகைச் சுவரில் பட்டையைப் பூசலாம். லிங்கன் நெடுஞ்சாலை என்றால் சிவப்பு மேலே, நீலம் கீழே. தலைகீழாகப் பூசிவிடாதீர்கள்.